கார் டயர்: பரிசோதனை, பராமரிப்பு, பஞ்சர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுபவர்கள்கூட டயரைப் பஞ்சர் ஆகும் அன்றுதான் குனிந்து பார்க்கிறார்கள். பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஸ்டீயரிங் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அதெல்லாம் சாலையில் வேலை செய்வது ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு இடத்தின் வழியாகத்தான். கார் வைத்திருப்பவர்கள் டயர் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

காற்றை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

மாதம் ஒருமுறை. நீண்ட பயணம் கிளம்பும் முன் தனியாக இன்னொரு முறை. ஆணி குத்தாத, எந்தக் கோளாறும் இல்லாத டயரிலும் ரப்பரை ஊடுருவிக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். மாதத்துக்குச் சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கினால் கவலைப்பட ஒன்றுமில்லை. நான்கில் ஒன்று மட்டும் வேகமாக இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் நான்கு எண்களையும் போனில் குறித்து வைத்தால் இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். ஸ்டெப்னியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் டிக்கிக்குள் கிடக்கும் டயரில் காற்று இருக்கும் என்று நம்பி நெடுஞ்சாலையில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

பார்த்தாலே தெரியாதா? காற்றழுத்தத்தை அளக்கும் கேஜ் அவசியமா?

பார்த்தால் தெரியாது. பழைய காலத்து டயர்களில் ஓரளவு தெரிந்திருக்கலாம். இன்றைய கார்களில் இருப்பவை ரேடியல் டயர்கள். மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு. இவற்றின் பக்கச்சுவர் நெகிழ்வானது. காற்று சரியாக இருக்கும்போதே அடிப்பாகம் கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும். அதனால் 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 25 இருந்தாலும் பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காலால் உதைத்துப் பார்ப்பது, கட்டைவிரலால் அழுத்துவது எல்லாம் மனத் திருப்திக்குத்தான்.

சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொது இடங்களில் உள்ள காற்றடிக்கும் கருவிகள் நாள் முழுக்கப் பலர் கைபட்டு, தரையில் விழுந்து அடிபடுபவை. அவை காட்டும் எண்ணைச் சரிபார்க்க நம்மிடம் ஒன்று இருப்பது நல்லது.

சரி, எவ்வளவு காற்று வைக்க வேண்டும்? டயரிலேயே ஓர் எண் போட்டிருக்கிறதே?

அந்த எண்ணைப் பார்த்துக் காற்றடிக்காதீர்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதே டயர் பல வகைக் கார்களில் மாட்டப்படும். ஒவ்வொரு காருக்கும் தேவை வேறு. உங்கள் காருக்கான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தில் ஒட்டியிருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். இரண்டிலும் இல்லையென்றால் காருடன் வந்த கையேட்டில் பாருங்கள்.

அந்த ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு வரிசை இருக்கும்: ஓரிருவர் மட்டும் போகும்போது ஒன்று, ஆள் நிறைந்து சாமானும் ஏற்றும்போது இன்னொன்று. முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு மாறலாம். குடும்பத்தோடு, டிக்கி நிறையப் பெட்டிகளோடு கிளம்பும்போது இரண்டாவது வரிசையைப் பின்பற்றுபவர்கள் மிகக் குறைவு. ஆனால் டயருக்கு அதிக வேலை இருப்பது அன்றுதான்.

பார் என்ற அலகில் எழுதியிருந்தால், 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

வண்டி ஓட்டிவிட்டுக் காற்று பார்க்கலாமா?

டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரி. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். அல்லது ஓரிரு கிலோமீட்டருக்கு மேல், வேகமாக, ஓடியிருக்கக் கூடாது. ஓட ஓட உள்ளே காற்று சூடாகி அழுத்தம் 4, 5 பிஎஸ்ஐ வரை ஏறும். ஸ்டிக்கரில் உள்ள எண் இந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, குளிர்ந்த நிலைக்குச் சொன்னது. இது தெரியாமல் சூடான டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயரில் காற்று குறைவாக இருக்கும். சூடாக இருக்கும்போது ஒருநாளும் காற்றை இறக்காதீர்கள்.

வழியில் வேறு வழியின்றிச் சூடான டயரில் காற்றடிக்க வேண்டியிருந்தால், ஸ்டிக்கர் அளவைவிட 4 பிஎஸ்ஐ கூடுதலாக வைத்து ஓட்டுங்கள். வண்டி நின்று டயர் குளிர்ந்த பிறகு சரியாக அளந்து திருத்திக்கொள்ளலாம்.

வெயில், குளிருக்கும் இதே கதைதான். வெளி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தமும் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறையும். பருவம் மாறும் நேரத்தில் நான்கு டயரும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் பஞ்சர் தேட வேண்டாம்.

ஐந்தாறு பிஎஸ்ஐ குறைவாக ஓட்டினால் அப்படி என்ன ஆகிவிடும்?

டயர் கெட்டுப்போவதற்கு இதுதான் முதல் காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். டயர் சுற்றும்போது தரையைத் தொடும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மீண்டும் நிமிர்கிறது. காற்று குறைந்தால் அந்த மடக்கம் பெரிதாகிறது. மடங்கி நிமிரும் ரப்பர் சூடாகும். வேகம் கூடக்கூட இந்தச் சூடு வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சேரும். டயர் என்பது வெறும் ரப்பர் வளையமல்ல. உள்ளே பாலியஸ்டர் நூல் அடுக்குகளும், தரையில் படும் மேல்பகுதியின் அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகளும் ரப்பரோடு ஒட்டியிருக்கின்றன. அளவுக்கு மீறிய சூடு அந்த ஒட்டைப் பலவீனப்படுத்துகிறது. கடைசியில் ஒருநாள் மேல்பட்டை பிரிந்து வருகிறது, அல்லது பக்கச்சுவர் கிழிந்து டயர் வெடிக்கிறது. கடும் வெயில், முழுச் சுமை, நெடுஞ்சாலை வேகம், குறைந்த காற்று ஆகிய நான்கும் ஒன்றாகச் சேரும்போது ஆபத்து உச்சத்தில் இருக்கும்.

அது வரைக்கும் போகாவிட்டாலும் நஷ்டம்தான். டயரின் இரண்டு ஓரங்களும் சீக்கிரம் தேயும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், வளைவில் வண்டி குழைவாகத் திரும்பும். இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், உள்ளே ஏற்பட்ட சேதம் பிறகு காற்றடித்தாலும் சரியாகாது.

அப்படியானால் கூடுதலாகவே அடித்து வைத்தால்?

அதுவும் வேண்டாம். நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுத் தேயும், பிடிப்பு குறையும், பள்ளத்தில் இறங்கும்போது அடி நேராக உள்நூல்களில் விழும். மைலேஜ் கிடைக்கும் என்று 40க்கு மேல் அடித்து வைப்பவர்கள் மிச்சப்படுத்தும் எரிபொருள், சீக்கிரம் மாற்றும் டயரில் போய்விடும்.

டேஷ்போர்டில் டயர் விளக்கு இருக்கிறது. அது எரியாதவரை கவலை இல்லையே?

அந்த விளக்கு மிகவும் தாமதமாகத்தான் எரியும். அமெரிக்க விதிப்படி, குறிப்பிட்ட அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால்தான் எச்சரிக்க வேண்டும் என்பது கட்டாயம். ஐரோப்பிய விதியில் 20 சதவீதம். 32 பிஎஸ்ஐ வைக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கும் வரை விளக்கு பேசாமல் இருக்கலாம் என்று அர்த்தம். அதனால் அது அவசர மணி மட்டுமே. மாதாந்திரச் சோதனைக்கு மாற்று அல்ல.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் சென்சார் இருந்து அழுத்தத்தை நேரடியாக அளக்கும். இன்னொன்று ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார்கள் வழியாகச் சக்கரம் சுற்றும் வேகத்தைப் பார்த்து ஊகிக்கும்; காற்று குறைந்த டயரின் ஆரம் சிறுத்து, அது கொஞ்சம் வேகமாகச் சுற்றும் என்பதுதான் அடிப்படை. இந்த இரண்டாவது வகையில் காற்றைச் சரிசெய்த பிறகும், டயரை இடம் மாற்றிய பிறகும் ரீசெட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தவறான அளவையே சரியென்று எடுத்துக்கொள்ளும். வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம்போல் விட்டுவிட்டு எரிந்து, பிறகு நிலையாக எரிந்தால் பல கார்களில் அது காற்றுக் குறைவு அல்ல, கருவியிலேயே கோளாறு. சக்கரத்துக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி 5 முதல் 10 வருடம் வரை வரும்; தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும்.

நைட்ரஜன் நிரப்பலாமா?

நிரப்பலாம், கெடுதல் இல்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தூய நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், ஈரப்பதம் இருக்காது. சூட்டில் விரிவடையாது என்று சொல்வது மட்டும் சரியல்ல; எந்த வாயுவானாலும் சூடானால் அழுத்தம் ஏறும். மாதாமாதம் கேஜ் வைத்துப் பார்ப்பவருக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. இலவசமாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கிடைக்காத இடத்தில் சாதாரணக் காற்றை மேலே அடிக்கத் தயங்காதீர்கள். இரண்டும் கலக்கலாம்.

டயர் தேய்ந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்வது?

டயரின் முக்கிய நீளவாட்டுப் பள்ளங்களுக்குள் பாருங்கள். அங்கங்கே குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. மேல் ரப்பர் தேய்ந்து இந்த மேடுகளோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லையும் இதுதான். மேடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம், பக்கச்சுவரின் மேல் ஓரத்தில் சிறு முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்துகளோ அந்த இடத்தைக் காட்டும்.

ஆனால் அந்த எல்லை வரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. புதிய கார் டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். மழையில் டயருக்கும் சாலைக்கும் நடுவே வரும் தண்ணீரை வெளியேற்றுவது இந்தப் பள்ளங்கள்தான். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் கண்கூடாக நீளும். வேகத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதந்து ஸ்டீயரிங் வேலை செய்யாமல் போகவும் வாய்ப்பு அதிகம். மழைக்காலம் வரப்போகிறது, பள்ளம் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் அப்போதே மாற்றிவிடுங்கள். ஆழம் அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கும். ஒரே இடத்தில் அளக்காமல் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் அளக்க வேண்டும். உள் ஓரம் வெளியே நிற்பவர் கண்ணுக்குப் படாது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்தால் முன் டயர்களில் அது தெரியும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது. டயர்தான் மோசமா?

பெரும்பாலும் டயர் மீது தவறில்லை. தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே காரில் எங்கே கோளாறு என்று ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். உள் ஓரமோ வெளி ஓரமோ ஒன்று மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தவறியிருக்கிறது, அல்லது சஸ்பென்ஷனில் ஏதாவது புஷ், பால் ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது.

கையாலும் பார்க்க வேண்டும். உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த் திசையில். முதலில் கம்பிகள் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டுத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப்பல் போலவும் தட்டுப்பட்டால், சக்கரம் நேராக உருளாமல் சற்றுச் சாய்வாக இழுபட்டு ஓடுகிறது. டோ என்று சொல்லப்படும் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்கு இது தெரிந்துவிடும். சுற்றிலும் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், அல்லது பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) போயிருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால் சக்கரம் சுற்றாமல் இழுபட்டுப்போன கடும் பிரேக்கின் தடம் அது.

காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் இதே மாதிரிதான் தேயும்.

பக்கச்சுவரில் பிதுக்கம் இருக்கிறது. இன்னொன்றில் குழிவு இருக்கிறது. இரண்டும் ஆபத்தா?

பிதுக்கம் ஆபத்து. பள்ளத்திலோ நடைமேடை விளிம்பிலோ இடித்ததில் உள்நூல்கள் அறுந்து, அந்த இடத்தில் காற்று வெறும் ரப்பரை வெளியே தள்ளுகிறது. இதற்குப் பழுதுபார்ப்பே கிடையாது. ஸ்டெப்னியை மாட்டிவிட்டு டயரை மாற்றுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத ஒன்று இது.

குழிவு வேறு விஷயம். பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய வாய்க்கால்போல் உள்வாங்கியிருந்தால், டயர் செய்யும்போது நூல் அடுக்கின் இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இணைந்த இடம் அது. அங்கே நூல் இரட்டிப்பாக இருப்பதால் மற்ற இடங்களைவிடக் குறைவாக விரிகிறது. பார்க்க விகாரமாக இருந்தாலும் பலவீனம் இல்லை. சந்தேகம் இருந்தால் விரல் வைத்துப் பாருங்கள்: உள்ளே போனால் கவலை இல்லை, வெளியே துருத்தினால் கடைக்குப் போங்கள்.

பள்ளம் நன்றாக இருக்கிறது, ஆனால் டயர் பழையது. மாற்ற வேண்டுமா?

முதலில் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். நான்கு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். தெரியாவிட்டால் மறுபக்கம் குனிந்து பார்க்க வேண்டும். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தையது, ஒரு மீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமை அடையும். ஆக்சிஜன், ஓசோன், வெயில், சூடு எல்லாம் சேர்ந்து அதை இறுகச் செய்யும். கார் நிறுவனங்கள் பல 6 வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. மிஷ்லின், கான்டினென்டல் போன்ற டயர் நிறுவனங்கள் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் 10 வருடத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்கின்றன. வெப்பமான இடங்களில் முதல் எண்ணையும், குளிர்ந்த இடத்தில் நிழலில் நிற்கும் காருக்கு இரண்டாவது எண்ணையும் மனதில் வைத்துக்கொள்வது நியாயம். ஐந்து வருடம் தாண்டியதும் வருடம் ஒருமுறை கடையில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலோட்டமான மயிரிழை விரிசல்கள் வயதின் அடையாளம். விரிசல் ஆழமாகி உள்ளே நூல் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும்.

டயரில் ஆணி தெரிகிறது, காற்று இறங்கவில்லை. பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள். பல சமயம் அந்த ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். எடுத்தால் நடுவழியில் நிற்க வேண்டிவரும். காற்றை அளந்து, தேவைப்பட்டால் நிரப்பி, வேகம் கூட்டாமல் பக்கத்துக் கடைக்குப் போய் அங்கே எடுக்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் சிக்கிய சின்னக் கற்கள் வேறு. அவற்றை நீங்களே நெம்பி எடுக்கலாம்.

எந்தப் பஞ்சரை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது?

தரையில் படும் பகுதியில், ஓரங்களை விட்டு உள்ளே, 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டையாக இருந்தால் ஒட்டலாம். தோள்பட்டை என்று சொல்லப்படும் ஓரத்திலோ பக்கச்சுவரிலோ இருந்தால் கூடாது. காரணம் எளிது: பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, எந்த ஒட்டும் அங்கே நிலைக்காது. அங்கே எஃகுப் பட்டையும் இல்லை, சுமையை நூல்களே தாங்குகின்றன. அறுந்த நூலை ஒட்டு இணைக்காது. இரண்டு ஓட்டைகள் அருகருகே இருந்தாலும், பழைய ஒட்டுமேல் புதிய ஒட்டு விழுந்தாலும் வேண்டாம்.

சரியான முறை இதுதான். டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும். உள்பக்கத்தைக் கண்ணால் பார்த்து, கையால் தடவிச் சேதம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஓட்டையை அதற்கான முனையால் சுத்தம் செய்து, உள்ளேயிருந்து காளான் வடிவ ஒட்டைச் செருக வேண்டும்: அதன் தண்டு ஓட்டையை நிரப்பும், குடை உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்டு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். உள்ளே மட்டும் பேட்ச் ஒட்டினால் காற்று நிற்கும், ஆனால் வெளியே திறந்திருக்கும் ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து எஃகுக் கம்பிகள் துருப்பிடிக்கும். துரு பரவினால் மேல்பட்டை பிரியத் தொடங்கும். ஒட்டி முடித்ததும் மீண்டும் பேலன்சிங் செய்துகொள்வது நல்லது.

வெளியேயிருந்து ரப்பர் திரியைச் செருகிவிடுகிறார்களே, ஐந்து நிமிட வேலை. அது போதாதா?

கடை வரை போய்ச் சேரப் போதும். அந்தத் திரி பல மாதங்கள் தாங்கி ஓடியதை நிறையப் பேர் சொல்வார்கள், அது பொய்யும் அல்ல. ஆனால் கழற்றாமல் செருகும்போது டயரின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று ஒட்டுபவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடிய டயராக இருந்தால் பக்கச்சுவரின் உள்பக்கம் அரைபட்டுப் போயிருக்கும். அமெரிக்க டயர் தயாரிப்பாளர் சங்கத்தின் வழிகாட்டுதலும் திரி மட்டும் செருகுவதைச் சரியான பழுதுபார்ப்பாக ஏற்பதில்லை. செருகியிருந்தால் நெடுஞ்சாலை வேகம் வேண்டாம். வசதி கிடைத்ததும் கழற்றி முறையாக ஒட்டிவிடுங்கள்.

காற்றில்லாமல் கொஞ்ச தூரம்தான் ஓட்டினேன். டயர் தப்பிக்குமா?

ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி ஓடிய பக்கச்சுவர் மிகச் சீக்கிரம் கெடும். கழற்றும்போது உள்ளே கருப்பு ரப்பர்ப் பொடி கொட்டிக் கிடந்தாலோ, பக்கச்சுவரின் உள்ளே சுற்றிலும் ஒரு வளையமாக உராய்ந்த தடம் இருந்தாலோ அந்த டயரைத் திரும்ப மாட்டக் கூடாது. வெளியே பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியலாம். காற்றடித்தால் நிற்கவும் செய்யலாம். அதை நம்பாதீர்கள்.

ரன்ஃபிளாட் டயர் மட்டும் விதிவிலக்கு. கெட்டியான பக்கச்சுவர் கொண்ட அவை காற்றில்லாமலே பொதுவாக 80 கிலோமீட்டர் தூரம், 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடக்கூடியவை.

ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சரை அடைக்கும் திரவ டப்பா கொடுத்திருக்கிறார்கள். எப்படி?

மேல்பகுதியில் விழுந்த சிறு ஓட்டைக்கு மட்டுமே அது உதவும். பக்கச்சுவர்க் கிழிசலுக்கோ பெரிய வெட்டுக்கோ பயன்படாது. ஆணி இருந்தால் அப்படியே இருக்கட்டும். திரவத்தையும் காற்றையும் ஏற்றியதும் சில கிலோமீட்டர் ஓட்டினால்தான் திரவம் உள்ளே பரவி அடைக்கும். பிறகு நிறுத்திக் காற்றை மறுபடி அளக்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் நேராகக் கடைக்குப் போங்கள். உள்ளே திரவம் இருக்கிறது என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கழற்றும்போது அவர் மேல் தெறிக்கும். டப்பாவுக்குக் காலாவதித் தேதி உண்டு.

ஆணியே இல்லை, ஆனாலும் வாரம் ஒருமுறை காற்று இறங்குகிறது. ஏன்?

வால்வைச் சந்தேகப்படுங்கள். சோப்புத் தண்ணீரை வால்வின் வாயிலும் அடியிலும் தடவினால் குமிழி வரும். வாயில் வந்தால் உள்ளே இருக்கும் ஊசியை இறுக்கியோ மாற்றியோ சரிசெய்யலாம், சில நிமிட வேலை. அடியில் வந்தால் ரப்பர் வெடித்திருக்கிறது, வால்வையே மாற்ற வேண்டும். புது டயர் மாட்டும்போதெல்லாம் ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்வது இதனால்தான். மூடியைத் தொலைத்துவிட்டு ஓட்டாதீர்கள், தூசியும் ஈரமும் உள்ளே போகாமல் காப்பது அதுதான்.

வால்வு நன்றாக இருந்தால் அடுத்தது ரிம். டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தில் துருவோ அலாய் அரிப்போ இருந்தால் அங்கே கசியும்; பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்திருந்தாலும் கசியும். கழற்றிச் சுத்தம் செய்தால் அரிப்புக் கசிவு நின்றுவிடும்.

ஓடும்போது டயர் வெடித்தால் என்ன செய்வது?

ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்திருங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தால் வண்டி தானாக வேகம் குறையும். நன்றாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள்.

ஸ்டெப்னி மாட்டும்போது கவனிக்க வேண்டியது?

சமதளம், ஹேண்ட்பிரேக், எதிர் மூலைச் சக்கரத்துக்கு ஒரு கட்டை. ஜாக்கி வைத்துத் தூக்கும் முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும். ஜாக்கியைக் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் வையுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. இறுக்கும்போது ஒன்றுக்கு அடுத்ததை அல்ல, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். வண்டியை இறக்கிய பிறகு கடைசி இறுக்கம்.

ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியாக இருந்தால் அதற்குரிய காற்று பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, வேக உச்சம் 80 கிலோமீட்டர். இரண்டும் அதிலேயே எழுதியிருக்கும்.

வீல் அலைன்மென்ட், பேலன்சிங், ரொட்டேஷன் எல்லாம் ஒன்றுதானா?

மூன்றும் வேறு வேறு. சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கச் சிறு ஈயமோ துத்தநாகமோ எஃகோ ஒட்டுவது பேலன்சிங். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரத்தில், சீட் நடுங்கினால் பின் சக்கரத்தில் குறை என்று தோராயமாகச் சொல்லலாம். சக்கரங்கள் நிற்கும் கோணத்தைத் திருத்துவது அலைன்மென்ட். நேர்ச் சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ இது தேவை. ஆனால் முதலில் காற்றைப் பாருங்கள், ஒரு பக்கம் காற்று குறைந்தாலும் இழுக்கும்.

ரொட்டேஷன் என்பது டயர்களை இடம் மாற்றுவது. முன்சக்கர இயக்கக் கார்களில் முன் டயர்களே இழுக்கின்றன, திரும்புகின்றன, பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்குகின்றன. அதனால் சீக்கிரம் தேய்கின்றன. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயர்களை நேராகப் பின்னுக்கும், பின் டயர்களைக் குறுக்கே மாற்றி முன்னுக்கும் கொண்டுவரலாம். பக்கச்சுவரில் அம்புக்குறி உள்ள டயர்களை மட்டும் பக்கம் மாற்றக் கூடாது. முன்பின் மட்டும் மாற்றுங்கள். முன்னும் பின்னும் அளவு வேறாக இருக்கும் கார்களில் இந்த வேலையே இல்லை.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

பின்னால். முன்சக்கர இயக்கக் காரிலும்கூட. பலருக்கு இது தலைகீழாகத் தெரியும். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போக முயலும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால் சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைச் சமாளிக்க முடியாது. நான்கு சக்கர இயக்கக் காராக இருந்தால் நான்கின் தேய்மானமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றளவு மாறினால் கியர் அமைப்புக்குச் சுமை. அனுமதிக்கும் வித்தியாசம் கையேட்டில் இருக்கும்.

வாங்கும்போது டயரில் உள்ள எழுத்துகளை எப்படிப் படிப்பது?

195/65 ஆர்15 91எச் என்று இருந்தால்: அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரேடியல், 15 அங்குல ரிம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்ற குறியீடு. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை; டி 190, வி 240. சுமைக் குறியீட்டில் கார் நிறுவனம் சொன்னதைவிடக் குறைந்ததை, விலை மலிவு என்பதற்காக, வாங்காதீர்கள்.

டயர் பாலிஷ் போடலாமா? கழற்றிய டயரை எப்படி வைப்பது?

பெட்ரோலியம் கலந்த பாலிஷ் ரப்பருக்கு ஆகாது. சோப்புத் தண்ணீரே போதும். பக்கச்சுவரில் பழுப்பு நிறம் பூத்திருந்தால் அழுக்கு என்று சுரண்ட வேண்டாம்; ஓசோனிலிருந்து காக்க ரப்பரில் கலந்திருக்கும் பொருள் மேலே வந்திருக்கிறது.

கழற்றியவற்றைக் கழுவி, காயவைத்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மின்மோட்டார், பேட்டரி சார்ஜர் பக்கத்தில் வேண்டாம், அவை ஓசோன் உண்டாக்கும். ரிம்மோடு இருந்தால் அடுக்கலாம் அல்லது தொங்கவிடலாம். ரிம் இல்லாதவற்றை நிறுத்தி வைத்து, மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டி வையுங்கள். எது எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள். மீண்டும் மாட்டிய பின் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பானர்) ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கடையில் மாட்டினாலும் இதே விதிதான்.